பஞ்சாங்கம் பாத்து ரங்கூன் ஆத்தைச் சுத்துறது எப்படி

லீவு நாள்ல எங்க போறதுன்னு யோசிக்கிற ரங்கூன் தமிழ்ப் பிள்ளைங்களுக்குத்தான் இதை எழுதுறேன், ஸ்ட்ராண்ட் ரோட்டுல தினம் பஸ்ல போவீங்க ஆனா நம்ம தாத்தா பாட்டி கப்பல்ல வந்து இறங்கின ஆத்தை நின்னு பாத்திருக்க மாட்டீங்க. கடல் இங்கேர்ந்து 30 கிலோமீட்டருக்கு மேல இருந்தாலும் ரங்கூன் ஆறு கடல் சொல்றபடிதான் ஏறும் வத்தும். அந்த ஏத்தம் வத்தம் புரிஞ்சாத்தான் கரையில இருக்குற மத்ததெல்லாம் புரியும், அதனால நாள் பாக்குறதுலேர்ந்து ஆரம்பிங்க.

வீட்டுல தொங்குற தமிழ் காலண்டரை எடுங்க. அமாவாசை, பௌர்ணமி முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல வர்ற ஏத்தம்தான் பெருசு, அப்போ வத்துன தண்ணிக்கும் ஏறுன தண்ணிக்கும் 5 மீட்டருக்கு மேல வித்தியாசம் இருக்கும். அஷ்டமி ஒட்டின நாள்ல வித்தியாசம் அதைவிடக் கம்மி. மணி கண்டுபிடிக்க ஆப் வேணும்னு இல்ல, ஒரு நாள் ஜெட்டி தூண்ல தண்ணி உச்சிக்கு வந்த நேரத்தைக் குறிச்சுக்கோங்க, அடுத்த ஏத்தம் சுமார் 12 மணி 25 நிமிஷம் கழிச்சு வரும், அதாவது நாளுக்கு ஒரு 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும், ரெண்டு வாரத்துல கிட்டத்தட்ட பழைய நேரத்துக்கே திரும்பிடும். காலையில தண்ணி வத்தி இருக்குற நாளாப் பாத்துப் போனீங்கன்னா சேறு தெரியுறதுலேர்ந்து கரை நிறையுற வரைக்கும் ஒரே நடையில பாத்துடலாம்.

பன்சோடான் தெரு முனையில ஆரம்பிங்க. தெருவும் ஸ்ட்ராண்ட் ரோடும் சேர்ற இடத்துல துறைமுக ஆபீஸ், சுவத்துல கப்பல் நங்கூரம்லாம் செதுக்கியிருக்கும், அண்ணாந்து பாருங்க. அதே தெருவுல பெரிய பெரிய தூணோட நிக்குறது ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியோட பழைய தலைமை ஆபீஸ். 1865ல ஆரம்பிச்ச கம்பெனி, 600க்கும் மேல படகும் ஸ்டீமரும் வச்சிருந்தாங்க, 1942ல ஜப்பான்காரன் கையில சிக்கக்கூடாதுன்னு நிறைய கப்பலை அவங்களே மூழ்கடிச்சாங்க. இப்போ அது அரசாங்க உள்நாட்டுக் கப்பல் துறையோட கட்டடம். இங்க அவசரப்படாதீங்க, கூட வீட்டுப் பெரியவங்க யாராவது இருந்தா எந்த ஊர்லேர்ந்து எந்தக் கப்பல்ல வந்தோம்னு வீட்டுல சொல்லிக் கேட்டிருக்காங்களான்னு விசாரிச்சு ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிக்கோங்க. 1931 கணக்கெடுப்புல இந்த ஊர் ஜனத்துல பாதிக்கு மேல இந்தியாக்காரங்க, அவ்வளவு பேர் வந்து இறங்கியும் பல குடும்பத்துல அந்தக் கப்பல் பேர் கூட மிஞ்சல. கேக்குறதுக்கு ஆள் இருக்கும்போதே கேட்டுடணும்.

அப்புறம் ஜெட்டிக்கு வாங்க. ஜெட்டி மிதக்குது, கரையையும் அதையும் சேக்குற பாலம் தண்ணி வத்தும்போது செங்குத்தா இறங்கும், ஏறும்போது சமமாயிடும், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க. எதிர்க்கரையில இருக்குற தாலா போக ஜப்பான் குடுத்த செர்ரிங்கிற பேர்ல ஃபெர்ரி ஓடும், அதுல போறதுதான் நல்லது. சம்பான்னு சொல்ற சின்னப் படகு பிடிச்சா கூட்டத்தோட ஏறாதீங்க, லைஃப் ஜாக்கெட் இல்லாம வேண்டாம், இருட்டுனப்புறம் வேண்டவே வேண்டாம், மழைக்காலத்துல வத்தம் இழுக்குற இழுப்பு பயங்கரம். தண்ணி உச்சியில கொஞ்ச நேரம் அசையாம நிக்கும்ல, கடக்குறதுக்கு அதுதான் நேரம். சம்பான்காரர் நின்னுக்கிட்டே ரெண்டு துடுப்பையும் குறுக்கால போட்டு வலிக்கிறதையும், நேரா போகாம தண்ணி இழுப்புக்கு ஏத்தமாதிரி மேல போய் சாஞ்சு இறங்குறதையும் கவனிங்க. தாலா பக்கம் சைக்கார்னு சொல்ற சைக்கிள் ரிக்‌ஷா பிடிச்சு ஒரு ரவுண்டு போகலாம், வாடகையை ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

திரும்பி வந்து கிழக்க நடந்தா போட்டட்டாங் பகோடா. 1943 நவம்பர்ல துறைமுகத்தைக் குறிவச்சுப் போட்ட குண்டுல இடிஞ்சு மறுபடி கட்டினது. இன்னும் கிழக்க மங்கி பாயிண்ட், அங்கதான் பகோ ஆறும் பஜுண்டாங் ஓடையும் வந்து சேருது. அந்தப் பக்கத்துல ஹேஸ்டிங்ஸ் மணல்திட்டு இருக்குறதால பெரிய கப்பல்லாம் ஏத்தத்துக்காகக் காத்துக்கிட்டுத்தான் உள்ள வரும். பஜுண்டாங் ஓடைக் கரை பூராவும் ஒரு காலத்துல அரிசி மில்லு, நம்மாளுங்களும் அங்க மூட்டை சுமந்திருக்காங்க. மங்கி பாயிண்ட்ல கேமராவை எடுக்காதீங்க, கடற்படை இடம்.

இன்னொரு நாள் கிடைச்சா 1993ல திறந்த பாலம் வழியா தன்லியின் போங்க. ரங்கூனுக்கு முன்னாடி அதான் பெரிய துறைமுகம், போர்த்துகீசிய டி பிரிட்டோ 1613 வரைக்கும் பிடிச்சு வச்சிருந்த ஊரு, பழைய சர்ச்சோட இடிஞ்ச சுவர் இன்னும் நிக்குது. அப்படியே சௌத்தான் போனா ஓடை நடுவுல திட்டுல இருக்குற யேலே பகோடா, தண்ணி நிறைஞ்சிருக்கும்போது போனாத்தான் அழகு, பெரிய பெரிய கெளுத்தி மீன் வந்து கூடும், தீனி அங்கயே விப்பாங்க. சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க.