யோனா கதைய வச்சு வாலிபர் கூட்டம் நடத்துறது எப்படி

"தம்பி, இந்த வாரம் வாலிபர் கூட்டத்த நீ பாத்துக்கோ"ன்னு சபை ஐயர் (போதகர்) சொல்லிட்டாருன்னா நமக்கு முதல்ல தோணுறது ஒரு குட்டி பிரசங்கம் ரெடி பண்ணலாம்னுதான், அத விட்டுருங்க. காலைலதான் அவங்க ஒரு பிரசங்கம் கேட்டுருக்காங்க, சாயங்காலம் இன்னொன்னுன்னா போன எடுத்துருவாங்க. கதைய அவங்களே வாசிச்சு அவங்களே பேசணும், நம்ம வேல கேள்வி கேக்குறதும் அப்புறம் வாய மூடிட்டு இருக்கறதும்தான் (ரெண்டாவதுதான் கஷ்டம்).

எந்தக் கதைன்னு குழப்பமா இருந்தா பைபிள்ல யோனா எடுங்க, நினிவேக்கு போய் பிரசங்கம் பண்ணுன்னு கர்த்தர் சொன்னதும் கப்பல் ஏறி வேற பக்கம் ஓடி, மீன் வயித்துல மாட்டுன தீர்க்கதரிசியோட கதை. நாலே அதிகாரம், மொத்தம் 48 வசனம். சண்டே கிளாஸ்ல இருந்தே எல்லாருக்கும் தெரியும், ஆனா மீன் கக்குறது வரைக்கும்தான் தெரியும், நாலாவதுன்னு ஒரு அதிகாரம் இருக்கறதே நிறைய பேருக்கு ஞாபகம் இருக்காது, நமக்கு வேண்டியதே அதுதான்.

சேர வட்டமா போடுங்க. பத்து பேருக்கு மேல வந்தா ரெண்டு குரூப்பா பிரிச்சிருங்க, இல்லன்னா வழக்கமா பேசுற மூணு பேர்தான் பேசுவாங்க. ஆளுக்கு ரெண்டு வசனம்னு சுத்தி வாசிக்க விடாதீங்க, இங்கிலீஷ் மீடியம் பசங்க "பிரவேசித்து"ல மாட்டிக்கிட்டு கூச்சப்பட்டு அதோட கூட்டம் முடியுற வரைக்கும் வாயே தொறக்க மாட்டாங்க. அதுக்கு பதிலா நாடகம் மாதிரி பிரிச்சு குடுங்க, ஒருத்தர் யோனா, ஒருத்தர் மாலுமி, ஒருத்தர் நினிவே ராஜா, நல்லா வாசிக்கிற அக்கா யாராவது கதை சொல்றவங்க.

முதல் அதிகாரம் மட்டும் வாசிச்சுட்டு நிறுத்துங்க. கேள்வி ஒன்னே ஒன்னு: யோனா ஏன் ஓடுனான்? பயந்துட்டான்னு சொல்லுவாங்க, கீழ்ப்படியலன்னு சொல்லுவாங்க, சோம்பேறின்னு ஒருத்தன் சிரிப்பு காட்டுவான், எல்லாத்தையும் ஒரு சார்ட்ல எழுதுங்க, சரின்னும் சொல்லாதீங்க தப்புன்னும் சொல்லாதீங்க. அந்த சார்ட் கண்ணுக்கு முன்னாடியே கிடக்கட்டும், பின்னாடி வேணும். அடுத்த அதிகாரத்துக்கு போறதுக்கு முன்னாடி 13ம் வசனத்த இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க, யோனாவ கடல்ல போட்டா புயல் நின்னுரும்னு அவனே சொல்லிட்டான், அப்பவும் அந்த கப்பக்காரங்க கரைக்கு போயிரலாம்னு தண்டு வலிக்கிறாங்க. கர்த்தர அறியாதவங்க அவன காப்பாத்த பாக்குறாங்க, கர்த்தரோட தீர்க்கதரிசி கீழ்த்தட்டுல தூங்கிட்டு இருந்தவன். இதுல யாரு நல்லவங்கன்னு கேட்டு பாருங்க, பேச்சு தானா வரும்.

மீன் வயித்துல மூணு நாள் எப்படி உயிரோட இருந்தான்னு கட்டாயம் ஒருத்தன் கேப்பான். அவன அதட்டாதீங்க. இத நடந்த சரித்திரம்னு எடுத்துக்கறவங்களும் இருக்காங்க, உவமை மாதிரின்னு படிக்கிறவங்களும் இருக்காங்க, இயேசுவே மத்தேயு 12ல யோனாவ சொல்லியிருக்காருன்னு சொல்லி, கடைசில பேசுவோம்னு நிறுத்திக்கோங்க. இதுல மாட்டுனா முழு நேரமும் மீனுக்கே போயிரும்.

மூணாம் அதிகாரத்துக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நினிவே யாருன்னு சொல்லணும், இத மட்டும் நீங்க பேசுங்க. இன்னைக்கு ஈராக்ல மோசூல் பக்கத்துல இருக்கு. அசீரியாவோட பெரிய நகரம். யோனா காலத்துக்கு அப்புறம் கி.மு. 722 வாக்குல இஸ்ரவேலோட தலைநகர் சமாரியாவ பிடிச்சு ஜனங்கள நாடு கடத்துனது இந்த அசீரியாதான். அசீரியாவோட சனகெரிப் ராஜா, யூதாவுல இருந்த லாகீசுங்கிற பட்டணத்த பிடிச்சத தன்னோட நினிவே அரண்மன சுவர்லயே செதுக்கி வச்சான், ஆளுங்கள கழுவுல ஏத்துறது எல்லாம் அதுல இருக்கு, அந்தக் கல்லுங்க இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. போன்ல படம் காட்டுங்க (சின்னப் பிள்ளைங்க இருந்தா வேண்டாம்). இப்ப நினிவேன்னா அவங்களுக்கு வெறும் பேரா இருக்காது.

அப்புறம் 3:4 (மூணாம் அதிகாரம், நாலாம் வசனம்). "இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்", அவ்ளோதான் பிரசங்கமே, ஒரே வரி, ஊரே மனந்திரும்புது, மாட்டுக்கு கூட இரட்டு (துக்கத்துக்கு உடுத்துற சாக்குத்துணி) போர்த்துறாங்க. பிரசங்கியாருக்கு சந்தோஷம் வரணும்ல? வரல, கோவம் வருது. இப்ப 4:2 வாசிக்க வைங்க. நீர் இரக்கமுள்ளவர்னு எனக்கு தெரியும், அதான் அன்னைக்கே ஓடுனேன்னு யோனாவே சொல்றான். சார்ட்ட காட்டுங்க. பெரும்பாலும் இந்தக் காரணம் அதுல இருக்காது.

இங்க கொஞ்ச நேரம் அமைதியாகும். உடனே விளக்கம் குடுக்க நாக்கு துடிக்கும், மனசுக்குள்ள இருபது வரைக்கும் எண்ணுங்க. அப்பவும் யாரும் பேசலன்னா ரெண்டு ரெண்டு பேரா பேச சொல்லுங்க, குரூப்புக்கு முன்னாடி பேசாத பொண்ணுங்க கூட பக்கத்துல இருக்கவகிட்ட பேசிருவாங்க. கர்த்தர் கேக்குற "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ"வ அப்படியே கேள்வியா விடுங்க.

"உங்க நினிவே யாரு"ன்னு கேக்க ஆசை வரும். கேளுங்க, ஆனா சத்தமா சொல்ல வைக்காதீங்க. நம்ம சபைல பாதி பேர் சொந்தக்காரங்க, ஒருத்தி பேர சொன்னா அவளோட சித்தப்பா மகன் எதிர்ல உக்காந்திருப்பான், சொத்து சண்ட, சாதி, சபை எலெக்ஷன்னு எங்கயோ போயிரும். துண்டுத்தாள்ல எழுதி அவங்கவங்க பைபிள்ல வச்சுக்கட்டும், யாரும் வாங்கி பாக்கக் கூடாது.

யோனாவுக்கு நிழல் குடுத்த ஆமணக்குச் செடி, அத அரிச்ச பூச்சி, இதெல்லாம் வேகமா போயிரலாம். கடைசி வசனம் 4:11, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரம் பேருக்கும் மிருகஜீவன்களுக்கும் நான் பரிதபிக்காமலிருப்பேனோன்னு கர்த்தர் கேக்குறாரு, புத்தகம் அங்கயே முடிஞ்சிருது, யோனா என்ன சொன்னான்னே எழுதல. நீங்களும் எழுதாதீங்க. ஐயரோ மூத்தவங்களோ "கடைசியா ஒரு வார்த்த"ன்னு எழும்ப வாய்ப்பிருக்கு, அதனால அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருங்க, முடிவு ஜெபத்த பேசவே பேசாத ஒரு தம்பிகிட்ட மொத நாளே குடுத்துருங்க, ரெண்டு வரி போதும்னு சொல்லி.