அளவு பொருந்தினால் போதுமா? பிக்கப்புக்கு டயர் மாற்றும்போது நடக்கும் தவறுகள்

கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் தோஸ்த்தாக இருக்கட்டும், செங்கல் சூளைக்கும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் ஓடும் பொலேரோ பிக்கப்பாக இருக்கட்டும், டயர் கடையில் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த அளவில் எது விலை குறைவு? டிஸ்க்கில், அதாவது டயர் மாட்டும் சக்கர வளையத்தில், உட்காருகிறதா என்று பார்க்கிறோம், சுமை தாங்குமா என்று பார்ப்பதில்லை. பெரும்பாலான பிக்கப்புகளில் பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர்தான். பெரிய லாரியைப் போல ஜோடி கிடையாது. ஒன்று வெடித்தால் அந்தப் பக்கத்துச் சுமையைத் தாங்க வேறு எதுவும் இல்லை.

தோஸ்த் வகை வண்டிக்கு வருவது 185 ஆர் 14 எல்.டி. டயர். எல்.டி. என்றால் லைட் டிரக், சிறிய சரக்கு வண்டிக்கானது. காருக்கும் 185/65 ஆர் 14 என்று ஒரு டயர் உண்டு. இரண்டுக்கும் அகலம் 185 மில்லிமீட்டர், டிஸ்க் 14 அங்குலம். ஆனால் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் லோடு இண்டெக்ஸ், டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான குறியீட்டு எண். கார் டயரில் 86 என்று இருந்தால் ஒரு டயர் தாங்குவது 530 கிலோ. எல்.டி. டயரில் 102/100 என்று இருந்தால் ஒற்றையாக ஓடும்போது 850 கிலோ, ஜோடியாக ஓடும்போது 800 கிலோ. பின்பக்கத்து இரண்டு டயரையும் சேர்த்தால் ஒன்றில் 1,060 கிலோ, இன்னொன்றில் 1,700 கிலோ. ஏற்றும் சரக்கு மட்டுமல்ல, வண்டியின் சொந்த எடையில் பின்பக்கம் விழும் பங்கும் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். அந்த 850 கிலோவைத் தாங்க எல்.டி. டயருக்கு 65 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று தேவைப்படும். கார் டயரில் அவ்வளவு அடிக்கவே கூடாது.

சுமை மீறிய டயர் உடனே வெடித்துவிடாது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் சூடு ஏறுகிறது. உள்ளே ரப்பரும் கம்பியும் ஒட்டியிருக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகிறது. ஒரு நாள் மே மாத வெயிலில், திருச்சி ரோட்டில், முழு லோடில் அது பிய்ந்து போகும். அன்றைக்கு வெயிலைக் குறை சொல்வார்கள். தவறு டயர் வாங்கிய நாளிலேயே நடந்திருக்கும்.

8 பி.ஆர். (ப்ளை ரேட்டிங்) என்று எழுதியிருப்பதும் பலத்தைச் சொல்லும் குறிதான். உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று பொருள் இல்லை. கதவோர ஸ்டிக்கரிலோ வண்டிப் புத்தகத்திலோ கம்பெனி சொன்ன லோடு இண்டெக்ஸுக்கும் பி.ஆர். எண்ணுக்கும் கீழே இறங்காதீர்கள், அவ்வளவுதான். இதில் மட்டும் விலை பேசக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் தேதி. சைடுவாலில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. வருடக்கணக்கில் கிடந்த டயரைப் புது விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய டயர் வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: தேய்ந்த டயரில் புதிதாக லைன் வெட்டி, பளபளப்பாகக் கறுப்புப் பூசி விற்பது உண்டு. காடிக்குள், அதாவது அந்த லைன் பள்ளத்துக்குள், குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். ரோட்டில் படும் ரப்பர் கட்டையான பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்தால் டயர் முடிந்தது என்று அர்த்தம். சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டர் எல்லை அதுதான். காடி ஆழமாக இருந்தும் அந்த மேடுகளைக் காணோம் என்றால், அல்லது அவையும் வெட்டுப்பட்டிருந்தால், அந்த டயரைத் தொடாதீர்கள். வெட்டின இடத்தில் கம்பிக்கு மேல் ரப்பரே மிஞ்சியிருக்காது.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதுசை முன்னால் போடுவது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை மீறிப் போகும் என்ற பயம் அதற்குக் காரணம். பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் வெடிக்கும் நிலையில் இருக்கும் டயரை எந்தப் பக்கமும் போடக் கூடாது. இரண்டு ஜோடியும் நல்ல நிலையில் இருந்து, பட்டன் ஆழம் மட்டும் வேறு என்றால், ஆழமானதைப் பின்னால் போடுவதுதான் சரி. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் இறக்கிவிட்டு மழையில் குன்னூர் மலைப்பாதையில் திரும்பும் காலி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எடையில் பெரும்பங்கு எஞ்சின் பக்கம் இருக்கிறது. வண்டியைத் தள்ளுவதோ பின்சக்கரம். அங்கே தேய்ந்த டயர் இருந்தால் ஏற்றத்தில் சும்மா சுழலும், வளைவில் பிரேக் மிதித்தால் பின்பக்கம் வீசும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வழி உண்டு. பின்பக்கம் வீசிவிட்டால் பழகிய டிரைவருக்கும் அவகாசம் கிடைக்காது.

ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் நைலான் (உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வகை), மறுபக்கம் ரேடியல் (பட்டனுக்கு அடியில் கம்பிப் பட்டை உள்ள வகை) போடவே கூடாது. இரண்டும் சாலையைப் பிடிக்கும் விதமே வேறு, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பட்டன் அமைப்பைப் பொறுத்தவரை, தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நீளக் கோடு போட்ட ரிப் டயர் போதும். குவாரி, சூளை என்று மண்பாதையிலேயே பிழைப்பு என்றால் பின்னால் பெரிய பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கும் லக் டயர் உதவும். தோற்றத்துக்காக லக் போட்டால் சத்தமும் டீசல் செலவும்தான் கூடும்.

பெரிய அளவு டயர் மேல் ஆசைப்படுபவர்களும் இருக்கிறார்கள். 215/75 ஆர் 15க்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் டயரின் உயரம் சுமார் 3 சென்டிமீட்டர் கூடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் ஓடும், லோடோடு ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசவும் செய்யலாம்.

பழைய டயரைக் கழற்றியதும் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் சக்கரங்களின் நேர்நிலையான அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது முன்சக்கரத்தை இணைக்கும் பால் ஜாயின்ட் ஆடுகிறது. அங்கங்கே குழிக்குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைக் காட்டுங்கள். இதைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அதே இடத்தில்தான் தேயும். டியூப்லெஸ் என்றால் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே லோடு இண்டெக்ஸ் உள்ளதுதானா, காற்று இருக்கிறதா என்பதையும் கடையை விட்டுக் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.