ஒனகுவாகா: ஓர் இரோக்குவா கிராமத்தின் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் மாநிலத்தின் தெற்கு எல்லைக்கு அருகே, சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் இன்று வின்ட்சர் என்ற சிற்றூர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடந்தது, இரோக்குவாக்கள் என்ற பழங்குடி இனங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒனகுவாகா என்ற ஊர். மிஷனரிகளின் குறிப்பு, படை அதிகாரிகளின் அறிக்கை, ஒப்பந்தப் பேச்சுவார்த்தைப் பதிவு என்று இந்தக் கிராமத்துக்குக் கிடைக்கும் சான்றுகள் ஓரளவு நல்லவையே. இருந்தும் இதைப் பற்றி எழுதுபவர்கள் அதே இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். ஊருக்கு ஒரே இனம், ஒரே கட்சி, ஒரே அழிவு என்று முத்திரை குத்திவிட்டு எழுதத் தொடங்குவதே பெரும்பாலும் காரணம்.

முதல் சறுக்கல், கூட்டமைப்பின் இனங்களில் ஒன்றின் பெயரால் "ஒனைடா கிராமம்" என்று எழுதிவிட்டு நகர்வது. ஒனைடாக்கள் அங்கே பெரும்பான்மை, அது சரி. ஆனால் டஸ்கரோராக்களும் மோஹாக்குகளும் கூடவே வாழ்ந்தார்கள். நிலமிழந்து தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த வேறு பழங்குடியினரும் இருந்தார்கள். டஸ்கரோராக்கள் 1711–13 போரில் தோற்று வட கரோலினாவிலிருந்து வடக்கே வந்தவர்கள். இரோக்குவா கூட்டமைப்பில் அவர்கள் ஆறாவது இனமாகச் சேர்ந்தது 1722 வாக்கில். எனவே 1700ஐப் பற்றி எழுதும்போது "ஆறு இனங்கள்" என்று வந்தால் அது காலப்பிழை; 1750ஐப் பற்றி "ஐந்து இனங்கள்" என்று வந்தாலும் அப்படியே. ஒனகுவாகாக்காரர்கள் தங்களை ஊர்ப் பெயராலும் அடையாளப்படுத்திக்கொண்டார்கள். அமெரிக்கப் புரட்சிப் போருக்குப் பின் கனடாவின் கிராண்ட் ரிவர் கரையில் 1785இல் எடுத்த கணக்கெடுப்பிலும் அவர்கள் தனிப் பிரிவாகவே வருகிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை வம்சாவளியைத் தந்தை வழியில் போடுவது. இரோக்குவாக்களிடம் குலம் தாய்வழி. பிள்ளைகள் தாயின் குலத்தில் சேர்வார்கள். வயலில் வேலை செய்ததும் விளைச்சலைப் பங்கிட்டதும் பெண்கள். "வீரர்களின் சோள வயல்கள்" என்று எழுதினால் ஒரே சொற்றொடரில் இரண்டு பிழை. புரட்சிப் போரில் பிரிட்டிஷ் பக்கம் படை நடத்திய ஜோசப் பிராண்டை ஒனகுவாகாவின் பிறவித் தலைவர் என்று சொல்வதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அவர் மோஹாக், 1743இல் ஒஹையோ பகுதியில் பிறந்து கனஜோஹரியில் வளர்ந்தவர். ஒனகுவாகாவோடு அவருக்கு உறவு வந்தது திருமணத்தால். 1765இல் அவ்வூர்ப் பெரியவர் ஐசக்கின் மகளை மணந்தார். அந்தப் பெண் காசநோயில் இறந்த பின், அவருடைய தங்கை முறையான இன்னொருவரை மணந்தார். அந்த ஊரில் அவர் மருமகன், தலைவர் அல்லர்.

வீடுகள்

இரோக்குவா என்றதும் மரப்பட்டை வேய்ந்த நீள்வீடும், அதைச் சுற்றிய கூர்மர வேலியும் மனத்தில் வந்துவிடுகின்றன. படம் வரைபவர்கள் அதையே வரைகிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் மேட்டு நிலக் கிராமங்களுக்கு அது பொருந்தும். புரட்சிக் காலத்து ஒனகுவாகாவுக்குப் பொருந்தாது.

1778 அக்டோபரில் ஊரை எரித்த அமெரிக்கப் படையின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் பட்லர். தான் பார்த்த பழங்குடி ஊர்களிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று அவரே தம் அறிக்கையில் எழுதினார். ஆற்றின் இரு கரையிலும் சேர்த்து சுமார் 40 நல்ல வீடுகள். சதுரமாகச் செதுக்கிய மரக்கட்டைச் சுவர், மர ஓட்டுக் கூரை, கல் புகைபோக்கி, நல்ல தளம், கண்ணாடி ஜன்னல். எரிக்க வந்தவன் புகழ்ந்து எழுதியது என்பதால் இந்தச் சாட்சிக்கு மதிப்பு அதிகம். தன் வெற்றியைப் பெரிதாக்கிக் காட்டவும் அது உதவியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த 40ஐ வைத்து மக்கள்தொகை கணக்கிடும்போது அடுத்த பிழை நடக்கிறது. நீள்வீட்டில் பல குடும்பங்கள், நடுவழியில் ஒவ்வோர் அடுப்புக்கும் இரண்டு குடும்பங்கள். அந்தப் பெருக்கல் எண்ணை மரக்கட்டை வீட்டுக்குப் போட்டால் ஊர் பல மடங்கு வீங்கிவிடும். இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: கண்ணாடி ஜன்னல் வந்துவிட்டது, ஆகவே இவர்கள் "பண்பாட்டை இழந்தவர்கள்" என்ற முடிவு. மாடும் குதிரையும் ஆப்பிள் மரமும் வைத்திருந்த அதே மக்கள்தான் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்துப் பயிரிட்டார்கள். குலப்படியே மணம் செய்தார்கள். சபை கூடிப் பேசினார்கள்.

ஆங்கிலேய ஆவணங்கள் இரோக்குவா ஊர்களைக் "கோட்டை" என்ற பொருள் தரும் சொல்லால் குறிப்பதுண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கல்மதில் தேடக் கூடாது. 1756இல் ஏழாண்டுப் போரின்போது, பிரிட்டிஷாரின் பழங்குடி விவகார அதிகாரி வில்லியம் ஜான்சன் ஏற்பாட்டில் ஒனகுவாகாவில் கட்டிய காவலரண் வேறு, ஊர் வேறு.

பெயரும் தேதியும்

இந்த ஊரின் பெயரை எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள்: ஓக்வாகா, ஓகுவாகோ, ஒனொஹோகுவாகா, அனக்குவாகா. ஒரே எழுத்துக்கூட்டில் தேடினால் பாதி ஆவணம் கைக்கு வராது. ஊர்ப் பெயரோடு சஸ்குவெஹானா, உனடில்லா போன்ற பக்கத்துப் பெயர்களையும், அங்கே பணியாற்றிய மிஷனரிகளின் பெயர்களையும் சேர்த்துத் தேடுவது பலன் தரும். வரைபடத்தில் இன்று இதை ஒத்த பெயருள்ள சிற்றூர் ஒன்று வடக்கே கோல்ஸ்வில்லில் இருக்கிறது. அங்கே ஊசியைக் குத்திவிட்டு "இதுதான் பழைய ஊர்" என்று எழுத வேண்டாம். மண்வளமும் விறகும் குறைந்தால் இரோக்குவாக்கள் இடம் மாறுவது வழக்கம். பெயர் மக்களோடு போகும்.

1752 செப்டம்பருக்கு முந்தைய பிரிட்டிஷ் ஆவணத் தேதிகள் பழைய நாட்காட்டிப்படி, 11 நாள் பின்தங்கியவை. 1751 வரை புத்தாண்டும் மார்ச் 25இல்தான். அதே காலப் பிரெஞ்சு ஆவணங்கள் புதிய நாட்காட்டியில் இருக்கும். மிஷனரிகளில் எலைஹு ஸ்பென்சர் 1748இல் வந்தது இந்தக் கோட்டுக்கு முன்னால், கிடியன் ஹாலி 1753இல் வந்தது பின்னால்.

மிஷன் வரலாற்றிலும் ஓர் எளிய கதை சுற்றுகிறது: போதகர் வந்தார், ஊர் மதம் மாறியது. ஹாலியின் பணிக்கு உயிர் கொடுத்தவர் மொழிபெயர்ப்பாளர் ரெபெக்கா கெல்லாக் ஆஷ்லி. 1704இல் மாசசூசெட்ஸின் டியர்ஃபீல்டில் சிறுமியாகச் சிறைபிடிக்கப்பட்டு மோஹாக்குகளிடையே வளர்ந்தவர் அவர். 1756இல் போர் நெருங்கியதும் ஹாலி போய்விட்டார். கிறிஸ்தவத்தைத் தொடர்ந்து நடத்தியவர்கள் ஐசக், குட் பீட்டர் என்ற உள்ளூர்ப் பெரியவர்கள். பின்னாளில் பிரெஸ்பிடீரிய வழியா, ஆங்கிலிக்க வழியா என்று ஊருக்குள்ளேயே பிளவு வந்தது. அரசியல் பிளவும் ஏறக்குறைய அந்தத் தடத்திலேயே போனதால் இதை மதச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

யார் எந்தப் பக்கம்

"இரோக்குவாக்கள் பிரிட்டனை ஆதரித்தார்கள்" என்ற வரி பாடநூல்களில் கூட உண்டு. மோஹாக், ஒனொண்டாகா, கயூகா, செனெகா இனங்களில் பெரும்பான்மைக்கு அது உண்மை. ஒனைடாக்களிலும் டஸ்கரோராக்களிலும் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கம் நின்றார்கள். 1777 ஆகஸ்ட் 6இல் ஓரிஸ்கனியில் நடந்த சண்டையில் இரண்டு அணியிலும் இரோக்குவாக்கள் இருந்தார்கள். ஒனகுவாகாவோ ஊருக்குள்ளேயே உடைந்தது. 1777இல் பிராண்ட் அங்கே பிரிட்டிஷ் கொடியை ஏற்றித் தளம் அமைத்தார். ஐசக்கின் குடும்பம் அந்தப் பக்கம். குட் பீட்டர் எதிர்ப்பக்கம். 1780இல் சமாதானத் தூதராக நயாகரா சென்ற இடத்தில் பிரிட்டிஷார் அவரைச் சிறைவைத்தார்கள். பிராண்டின் தொண்டர் படையும் முழுக்கப் பழங்குடிப் படை அன்று. அதில் பெரும்பான்மை மன்னருக்கு விசுவாசமான வெள்ளைக் குடியேறிகள்.

பெயர்க் குழப்பம் இங்கே மிக மோசம். ஊரை எரித்த வில்லியம் பட்லர் அமெரிக்கப் படையின் 4ஆம் பென்சில்வேனியா ரெஜிமென்ட்காரர். ஜான் பட்லரும் அவர் மகன் வால்டர் பட்லரும் பிரிட்டிஷ் பக்கம். மூவரில் ஒருவரை இன்னொருவராக நினைத்தால் யார் யாரைத் தாக்கினார் என்பதே தலைகீழாகிவிடும். கிளின்டனும் அப்படித்தான்: ஜெனரல் ஜேம்ஸ், அவருடைய தம்பி ஆளுநர் ஜார்ஜ். எழுதும்போது முழுப் பெயரையும் பதவியையும் ஒவ்வொரு முறையும் போடுவது சலிப்பாக இருக்கலாம், ஆனால் வேறு வழியில்லை.

1778 ஜூலை 3, பென்சில்வேனியாவின் வயோமிங் பள்ளத்தாக்கில் நடந்த தாக்குதலுக்குப் பிராண்டைப் பொறுப்பாக்குவது பழைய பிழை. அன்று அவர் அங்கே இல்லவே இல்லை. தலைமை ஜான் பட்லர். 1809இல் வெளியான ஓர் ஆங்கிலக் கவிதை பிராண்டை அங்கே அரக்கனாக நிறுத்தியது. பின்னர் பிராண்டின் மகன் காட்டிய ஆதாரங்களைப் பார்த்துக் கவிஞரே திருத்தம் எழுதினார். திருத்தம் பரவவில்லை, கவிதை பரவியது.

காரண வரிசை

பலர் கதையை நியூயார்க்கின் செர்ரி வேலி என்ற குடியேற்றத்தில் தொடங்குகிறார்கள். 1778 நவம்பர் 11: வால்டர் பட்லர் தலைமையில் செனெகாக்களும் பிராண்டும் சேர்ந்த படை அங்கே 30 பேர் அளவில் பொதுமக்களைக் கொன்றது, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு அதற்குப் பதிலடியாக அமெரிக்க ஜெனரல் சலிவனின் படையெடுப்பு. இப்படிச் சொன்னால் நேர்க்கோடாக இருக்கும், ஆனால் ஒனகுவாகா காணாமல் போய்விடும்.

உண்மையான வரிசை இது. 1778 செப்டம்பர் 17இல் பிராண்ட் ஜெர்மன் ஃப்ளாட்ஸ் என்ற குடியேற்றத்தை எரித்தார். அதே மாதம் அமெரிக்கக் கர்னல் ஹார்ட்லி சஸ்குவெஹானாவின் கீழ்ப்பகுதி ஊர்களை எரித்தார். அக்டோபரில் வில்லியம் பட்லர், பிராண்டின் ஆட்கள் வெளியே போயிருந்த வேளையில், உனடில்லாவையும் ஒனகுவாகாவையும் எரித்தார். அதன் பிறகுதான் செர்ரி வேலி. டிசம்பரில் மோஹாக் தலைவர்கள் நால்வர் அமெரிக்க அதிகாரி ஒருவருக்கு எழுதிய கடிதம் இதை நேராகவே சொல்கிறது: நாங்கள் இல்லாதபோது எங்கள் ஊருக்கு வந்து வீடுகளை எரித்தீர்கள், அந்தக் கோபத்தில்தான் செர்ரி வேலியில் ஆண், பெண், குழந்தைகளைக் கொன்றோம். இது அந்தக் கொலையை நியாயப்படுத்தாது. கோபம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் காட்டுகிறது.

இந்த வரிசை தெரியாததால் "ஒனகுவாகாவைச் சலிவன் அழித்தார்" என்று எழுதுகிறார்கள். சலிவன் 1779இல் வந்தார். அவரோடு சேர ஜேம்ஸ் கிளின்டனின் படை அந்த ஆகஸ்டில் ஒட்ஸெகோ ஏரியில் அணைகட்டித் தேக்கிய நீரைத் திறந்துவிட்டுப் படகில் ஆற்றோடு இறங்கியபோது, ஒனகுவாகா ஏற்கெனவே சாம்பல் மேடு.

சலிவனின் எண்களைக் கையாளும்போதும் கவனம் வேண்டும். அழித்தது 40 ஊர்கள், 1,60,000 புஷல் மக்காச்சோளம் என்பது அவரே கொடுத்த மதிப்பீடு. உதிர்த்த மணியென்றால் ஒரு புஷல் சுமார் 25 கிலோ; மொத்தம் 4,000 டன் வரும். கதிரோடு கூடையில் அளந்ததென்றால் மணி ஏறக்குறைய பாதிதான். கிலோவுக்கு மாற்றுமுன் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். தெளிவில்லாவிட்டால் புஷலாகவே விட்டுவிடுங்கள்.

கடைசியாக நிலம். போரில் தோற்ற பக்கத்தில் நின்றதால் ஒனகுவாகாக்காரர்கள் நிலத்தை இழந்தார்கள் என்பது பாதிதான் சரி. வெள்ளையர் குடியேற்றத்துக்கும் பழங்குடி நிலத்துக்கும் இடையே 1768 ஃபோர்ட் ஸ்டான்விக்ஸ் ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோட்டின்படி ஊர் பழங்குடிப் பக்கமே இருந்தது. பிராண்டோடு போனவர்கள் நயாகராவிலும் பிறகு கிராண்ட் ரிவரிலும் குடியேறினார்கள். ஆனால் அந்த வட்டார நிலத்தை நியூயார்க்குக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது அமெரிக்கர் பக்கம் நின்ற ஒனைடாக்களும் டஸ்கரோராக்களும்தான். 1785இல் ஃபோர்ட் ஹெர்கிமரில், ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் முன்னால், விலை 11,500 டாலர். விற்க முதலில் மறுத்துப் பேசியவர்களில் குட் பீட்டரும் ஒருவர்.