கண்டதா, கேட்டதா? ஆரம்பகால மார்மன் கதைகளை எடைபோடுவது எப்படி

அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சமயத்தின் வரலாற்றைப் புதிதாகப் படிப்பவர்களைத் திணற வைப்பது, ‘நேரில் பார்த்தவர் சொன்னது’ என்று வரும் கதைகள்தான். ஒரே ஒரு கதையை வைத்துப் பழகிக்கொள்வோம்.

1844 ஜூன் 27 அன்று இல்லினாயில், கார்த்தேஜ் சிறையில் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அடுத்து யார் வழிநடத்துவது என்று முடிவு செய்ய ஆகஸ்ட் 8 அன்று மார்மன்களின் நகரமான நாவூவில் கூட்டம். ஜோசப்பின் ஆலோசகராக இருந்த சிட்னி ரிக்டன் பேசினார், அப்போஸ்தலர்கள் எனப்பட்ட பன்னிருவர் குழுவின் தலைவர் பிரிகாம் யங்கும் பேசினார். யங் பேசும்போது அவர் முகமும் குரலும் ஜோசப்பாகவே மாறின என்பதுதான் கதை.

படி 1: நோட்டில் இரண்டு தேதிகளை எழுதுங்கள்: நடந்த நாள், அதைப் பதிவு செய்த நாள். அப்போஸ்தலர்களில் ஒருவரான வில்ஃபோர்ட் உட்ரஃப் அன்றைய கூட்டத்தைத் தன் நாட்குறிப்பில் விரிவாகவே எழுதினார். உருமாற்றம் பற்றி அதில் பேச்சே இல்லை. 28 வருடம் கழித்து, 1872இல், “கண்ணால் பார்த்திருக்காவிட்டால் அது ஜோசப் இல்லை என்று யார் சொல்லியும் நம்பியிருக்க மாட்டேன்” என்ற பொருளில் அவரே பேசினார்.

படி 2: சொன்னவர் அன்று எங்கே இருந்தார்? இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போஸ்தலர் ஆர்சன் ஹைட், கூட்டத்தில் உட்கார்ந்து ஜோசப்பின் குரலைக் கேட்டதாகப் பின்னாளில் சொன்னார். ஆனால் அவர் நாவூ வந்து சேர்ந்ததே ஆகஸ்ட் 13 அன்றுதான்! உடனே பொய்யர் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். இருபத்தைந்து வருடம் கேட்ட கதை, சொந்த அனுபவம் போலவே மனதில் பதிந்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்களிடமும் பார்த்திருப்போமே.

படி 3: கதைக்குச் சாதகமான பழைய தடயத்தையும் தேடுங்கள். 1844 நவம்பரிலேயே ஒரு கடிதம், யங் தோற்றத்திலும் பேச்சிலும் ஜோசப்பைப் போல இருப்பதாகச் சொல்கிறது. ஆக, ஏதோ ஓர் ஒற்றுமை அப்போதே கண்ணில் பட்டிருக்கிறது. ‘ஜோசப்பைப் போல’ என்பது பிறகு ‘ஜோசப்பே’ ஆகிவிட்டது. உவமை உருவகமாகி, உருவகம் அற்புதமானது என்பது என் கணிப்பு.

படி 4: தலை எண்ணாதீர்கள். இதற்கு நூறு பேருக்கு மேல் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். சரி, அவர்களில் எத்தனை பேர் மற்றவர் சொல்லிக் கேட்காமல் தாமாகச் சொன்னவர்கள்? பின்னாளில் யூட்டாவில் குடியேறி ஒரே சபையாக வாழ்ந்தவர்களிடம் அதைப் பிரித்தறிவது கஷ்டம்.

என் நோட்டில் ஹைட் பெயருக்கு எதிரே ‘ஆகஸ்ட் 13’ என்று மட்டும் இருக்கிறது. உட்ரஃப் கூட்டத்தில் இருந்தவர். அவர் பெயருக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான்.