ஹெல்மெட்டுக்குள் பாட்டு வேண்டும், காதும் திறந்திருக்க வேண்டுமா?

ஹெல்மெட்டுக்குள் கேட்க, காதுத் துளையை அடைக்கும் ரப்பர் முனை இயர்போன் வேண்டாம். உள் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும் தட்டை ஸ்பீக்கர் கொண்ட ப்ளூடூத் செட் வாங்குங்கள். சுமார் 40 மி.மீ. அகலமுள்ள அந்த வட்டு காதுக்கு வெளியே சற்றுத் தள்ளி நிற்கும், துளை திறந்தே இருக்கும். சிக்னலிலோ பெட்ரோல் பங்க்கிலோ பாட்டை நிறுத்தினால் போதும், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கும். ஹெல்மெட்டைக் கழற்றி இயர்போனைப் பிடுங்கும் வேலையே இல்லை. பாட்டைச் சட்டென்று நிறுத்த, கையுறை போட்ட விரலுக்கும் எட்டும் பெரிய பட்டன் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விலையைவிட எனக்கு இதுதான் முக்கியம். ஹெல்மெட்டில் காதுக்கு நேரே குழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வட்டு காதை அழுத்தி, சிறிது நேரத்திலேயே வலிக்கும்.

நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வேகமாகப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. காற்றிரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், காது கெடும். அங்கே பாட்டை விட்டுவிட்டு, இரைச்சலைக் குறைக்கும் காதடைப்பான் (இயர்ப்ளக்) போடுவதே நல்லது. காது மூடாத அரை ஹெல்மெட்டிலும் ஸ்பீக்கர் ஒட்ட இடமிருக்காது.