செவ்வாயில் போர் போடப் போனவள்: பழைய பொம்மையில் கை வைக்கும் முன்

பரணில் கிடக்கும் பழைய பொம்மையை விண்வெளி ஆளாக மாற்றப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், அடுத்த வாரம் எதைக் கொண்டுவந்து காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளி பெயிண்ட் அடித்த ஒரு பொம்மை. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ரோபோ மாதிரி இல்லை. பொங்கலுக்கு பெயிண்ட் அடித்த கிரில் கேட் மாதிரி இருந்தது. பொம்மையைக் கொடுத்த அண்ணன் மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, இவ யாரு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

கோளாறு அங்கேதான். பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் அந்த ஆளுக்கு என்ன வேலை என்று தெரிய வேண்டும். இரண்டாவது பொம்மைக்கு அதை முதலிலேயே முடிவு செய்தேன்: இவள் திருச்செங்கோட்டு போர் வண்டிக்காரி, அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிக்காரி; செவ்வாய்க் கிரகத்தில் போர் போடப் போயிருக்கிறாள். நம்மூர் வண்டி போகாத இடம் அது ஒன்றுதானே பாக்கி! செவ்வாயின் நிலத்தடியில் தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கிறது. ஆனால் அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மேலே கொண்டுவந்து திறந்து வைத்தால் தண்ணீர் நிற்காது, ஆவியாகவோ உறைந்தோ போகும். எனவே அவள் முதுகில் வாளி இருக்க முடியாது. மூடிய டேங்கும் குழாயும்தான் வேண்டும். வேலை தெரிந்ததும் எதை எங்கே மாட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிட்டது.

அடுத்த தவறு, பொம்மை முழுக்க ஒரே பிளாஸ்டிக் என்று நினைப்பது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான ஃபேஷன் பொம்மைகளில் தலை அமுங்கும், மார்பு அமுங்காது. தலை மென்மையான வினைல். உடல் கெட்டி பிளாஸ்டிக், பல பொம்மைகளில் ஏ.பி.எஸ். பழைய கண், உதட்டுச் சாயத்தை அழிக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடுவார்கள். அதில் அசிடோன் இருந்தால் ஏ.பி.எஸ். கரைந்து குழைந்துவிடும். முகத்தைத் துடைக்கும்போது ஒரு சொட்டு மார்பில் விழுந்தால் போதும், தழும்பு நிரந்தரம். தலையைக் கழற்றித் தனியாக வைத்துக்கொண்டு துடைப்பதே நல்லது. அப்படியே இழுத்துக் கழற்றாதீர்கள், உள்ளேயிருக்கும் கழுத்து முளை ஒடிந்துவிடும். சூடான தண்ணீரில் சில நிமிடம் தலையைப் பிடித்தால் வினைல் இளகி வழிவிடும்.

ஸ்ப்ரே பெயிண்ட் விஷயத்தில் நான் பட்டது கொஞ்சம் அதிகம். வினைலை மென்மையாக வைத்திருக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். பல ஸ்ப்ரேக்கள் அதனோடு சேர்ந்து காயாமலேயே நின்றுவிடும். என் முதல் பொம்மையின் முகம் ஆறு மாதம் கழித்தும் பிசுபிசுத்தது. வீட்டிலிருக்கும் பஞ்சு, முடி எல்லாம் ஒட்டி, கடைசியில் தாடி முளைத்த ரோபோ ஆயிற்று. வினைலுக்கு அக்ரிலிக் பெயிண்டைத் தண்ணீராக இல்லாமல், மெல்லிய பூச்சாக, தூரிகையால் இரண்டு மூன்று தடவை அடியுங்கள். அதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காய வையுங்கள்; கைப்பிசுக்கின் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. ஆடி மாதம் மொட்டை மாடியில் வைத்து அடிக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊர்ப் புழுதியை எல்லாம் ஈரப் பெயிண்டில் அப்பிவிட்டுப் போகும்.

அளவு தவறினால் எவ்வளவு அழகான பாகமும் குப்பைதான். பதினொன்றரை அங்குலப் பொம்மை மனித உருவத்தில் ஆறில் ஒரு பங்கு. 6 மடங்கு பெருக்கினால் 5 அடி 9 அங்குலம் வரும். எதை ஒட்டும் முன்னும் 6 ஆல் பெருக்கிப் பாருங்கள். 1 சென்டிமீட்டர் சட்டைப் பொத்தான் அவளுக்கு 6 சென்டிமீட்டர் அகல மீட்டர் டயல், சரி. இரண்டரை சென்டிமீட்டர் நட்டை இடுப்பில் மாட்டினால் அது 15 சென்டிமீட்டர் நட்டு, எந்த ஸ்பேனரும் பத்தாது. குழாய்க்கு, சொட்டுநீர்ப் பாசனத்தில் மிஞ்சும் மைக்ரோ டியூப்பை விடப் பொருத்தமானது நான் பார்க்கவில்லை. தோட்டம் வைத்திருக்கும் எந்த மாமாவிடம் கேட்டாலும் ஒரு கை நீளம் கிடைக்கும். லேத் பட்டறை இரும்புச் சுருள் பார்க்க ஆசையாக இருக்கும். வேண்டாம், பிளேடு மாதிரி அறுக்கும். பழைய சர்க்யூட் போர்டைத் துண்டாக்கி ஒட்டுவதானால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பழைய பற்றவைப்பில் ஈயம் இருக்கும்.

உடைக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் இருக்க வேறென்ன வேண்டும். ரிப் துணியைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் சுற்றினால் விண்வெளி உடையின் மடிப்பு அச்சாக வரும். ஆனால் தைக்கச் சோம்பல்பட்டு சூப்பர் க்ளூ ஊற்றாதீர்கள். பருத்தி நூல் பட்டதும் அந்தப் பசை வெகு வேகமாக இறுகும், அப்போது கடும் சூடு கிளம்பும், புகைகூட வரும். இடுப்புத் துணியை அழுத்திப் பிடித்திருந்த என் விரலில் கொப்புளமே வந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடிக்கும் அது ஆகாது. பசையின் ஆவி படிந்து பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துவிடும். காய்ந்தால் நிறம் தெரியாத வெள்ளைப் பசையே அங்கு போதும்.

எல்லாம் முடிந்த பிறகும் பொம்மை கடையிலிருந்து இறங்கிய புது டிராக்டர் மாதிரி நின்றால், அழுக்கு போதவில்லை என்று அர்த்தம். செவ்வாயின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. நம் செம்மண்ணின் சிவப்பும் அதே சங்கதிதான். துணியில் சலித்த செம்மண்ணைப் பளபளக்காத மேட் வார்னிஷில் கலந்து பூட்ஸ், முழங்கால், குழாயின் அடிப்பக்கம் ஆகியவற்றில் மட்டும் தடவுங்கள். உடம்பெல்லாம் ஒரே சீராகப் பூசினால் மறுபடியும் கிரில் கேட்தான். ஒதுக்கி வைத்த வெள்ளி பெயிண்டுக்கும் இப்போது வேலை உண்டு: ஸ்பாஞ்சுத் துண்டில் துளி தொட்டு, டேங்கின் விளிம்பிலும் கை அடிக்கடி படும் இடத்திலும் ஒற்றினால் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிகிற மாதிரி இருக்கும். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏங்கண்ணு, இத்தன கஷ்டப்பட்டுத் தெச்சுப்போட்டு ஏஞ்சேத்துல பொரட்டுன?"

நெஞ்சில் விளக்கு வைப்பவர்கள் 9 வோல்ட் பேட்டரியை சிவப்பு எல்.இ.டி.யில் நேராக இணைத்து, ஒரு நொடியில் அதைச் சாகடிக்கிறார்கள். அதற்கு வேண்டியது சுமார் 2 வோல்ட். மீதி 7 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரில் தாங்க 350 ஓம் தடை (ரெசிஸ்டர்) வேண்டும். கடையில் 390 அல்லது 470 கேட்டு வாங்குங்கள். இடம் பத்தவில்லை என்று 3 வோல்ட் பட்டன் பேட்டரிக்குப் போனால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதன் மூடியைப் பசையிலோ டேப்பிலோ விடாதீர்கள், திருகு போட்டு முடுக்குங்கள். விழுங்கிய பேட்டரி தொண்டையில் தங்கினால் 2 மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். எங்கள் போர் வண்டிக்காரியின் முதுகு டேங்கில் இரண்டு திருகு இருக்கிறது. திருப்புளி என் தையல் பெட்டியில், பூட்டி.