ஒரு வேளைக்கு ஒரு வேலை: வீட்டிலேயே மின்னணு இசை அமைக்கத் தொடங்குவோருக்கான செய்முறை

கணினி, ஹெட்ஃபோன், ஒரு மென்பொருள் ஆகிய மூன்றும் இருந்தால் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடியே இன்று மின்னணு இசையை முழுமையாக அமைத்துவிடலாம். தொடங்கியதை முடிப்பதுதான் கடினம். புதிதாக வருவோர் பலருடைய கணினியில் பதினாறு விநாடி நீளமுள்ள அழகான லூப்புகள் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டுகள்) நிறைய இருக்கும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுகூட இருக்காது. இதைத் திறமைக் குறைவு என்று நினைத்து மனம் தளர வேண்டியதில்லை. ஒலி தேடுவது, மெட்டமைப்பது, பாட்டை வரிசைப்படுத்துவது, ஒலியளவைச் சரிசெய்வது (மிக்ஸ்) ஆகிய நான்கு வேலைகளையும் ஒரே அமர்வில் மாற்றி மாற்றிச் செய்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம். மெட்டு தேடும்போது மனம் வருவதையெல்லாம் வரவேற்க வேண்டும். மிக்ஸ் செய்யும்போது அதே மனம் குறை கண்டுபிடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வேலை வாங்கினால், பிறந்து அரை நிமிடம்கூட ஆகாத மெட்டுக்கு அப்போதே குற்றப்பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிடுவோம். ஆகவே கீழே வரும் படிகளை ஒரே மூச்சில் செய்யாமல், ஒவ்வொன்றையும் தனி அமர்வாக, முடிந்தால் தனி நாளில் செய்யுங்கள்.

முதல் படி: இடமும் வேளையும்

நெல்லைச் சீமையின் சித்திரை, வைகாசி வெயிலில் கான்கிரீட் கூரைக்குக் கீழுள்ள மாடி அறை நள்ளிரவு வரை அனலாகவே இருக்கும். மடிக்கணினி அளவுக்கு மீறிச் சூடாகும்போது அதன் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது ஒலி விட்டுவிட்டுக் கேட்கும், இடையிடையே வெடிப்பொலி வரும். கோடையில் விடிகாலை இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கும் கணினிக்கும் நல்ல வேளை. ஊரில் கோயில் கொடை நடக்கும் நாள்களில் ஒலிபெருக்கிச் சத்தத்தோடு போட்டி போட்டு ஹெட்ஃபோன் ஒலியைக் கூட்டாதீர்கள். அந்த நாள்களைக் கோப்புகளுக்குப் பெயரிடவும் தேவையற்றதை அழிக்கவும் ஒதுக்கிவிடுங்கள்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் யு.பி.எஸ். ஒன்றை அவசியம் இணைக்க வேண்டும்; எந்தக் கணினியானாலும் மென்பொருளின் தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று அமைத்துக்கொள்ளுங்கள். அறையில் எதிரொலி கேட்டால் சுவரில் பாய் மாட்டிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். பத்தமடைப் பாய் எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் மெல்லியது. அது ஒலியை அதிகம் உறிஞ்சாது. கனமான பஞ்சு மெத்தையை உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரில் சாய்த்து வைத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: ஒரு மென்பொருள், ஒரு வார்ப்பு

மென்பொருள்களை ஒப்பிட்டுக் காணொளி பார்ப்பதிலேயே மாதக்கணக்கில் நேரம் போய்விடும். எல்.எம்.எம்.எஸ். முற்றிலும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டும் இலவசமே. ரீப்பர் மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்.எல். ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அதில் சேமித்த ப்ராஜெக்டை, மென்பொருளை வாங்கும் வரை மறுபடி திறக்க முடியாது. இவற்றில் எதையேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஐந்து பாட்டு முடியும்வரை மாற்றாதீர்கள்.

பிறகு ஒரு காலி ப்ராஜெக்டைத் திறந்து தாளம், பாஸ், மெட்டு, பின்னணி என நான்கு டிராக்குகளை (தனித்தனி ஒலி வரிசைகளை) மட்டும் வைத்து வார்ப்பாக (டெம்ப்ளேட்) சேமித்துக்கொள்ளுங்கள். ஒலியமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் இருக்கட்டும். கீபோர்டில் வாசிக்கும்போது பஃபர் அளவு (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் நீளம்) 128 என்றால் தாமதம் ஏறத்தாழ 2.7 மில்லிவிநாடிதான், அது விரலுக்குத் தெரியாது. மிக்ஸ் செய்யும்போது தாமதம் பொருட்டில்லை என்பதால் அதை 1024 ஆக்கிக் கணினியின் சுமையைக் குறைக்கலாம். புதிய பிளக்-இன் (மென்பொருளோடு இணையும் துணைக்கருவி) வேண்டும் என்ற ஆசை வேலையின் நடுவே எழுந்தால் அதன் பெயரைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத் தொடருங்கள். தரவிறக்கம் செய்வதும் ஒரு வேலைதான். அதற்கும் தனி வேளை உண்டு.

மூன்றாம் படி: ஒலி சேகரிக்கும் அமர்வு

உலகம் முழுவதும் ஒரே சாம்பிள் (பதிந்து வைத்த ஒலித்துண்டு) தொகுப்புகளைத் தரவிறக்கிப் பயன்படுத்தும் காலத்தில், நம் ஊர் ஒலியை நாமே பதிந்துகொள்வது கற்பனையைக் கிளறும். எடுத்த வேலையில் ஒரு பற்றையும் உண்டாக்கும். வில்லிசையில் குடத்தின் வாயை மட்டையால் அறையும்போது எழும் அந்த ஆழ்ந்த ஒலியைக் கவனித்திருப்பீர்கள். குடத்துக்குள் இருக்கும் காற்று மொத்தமாக அதிர்வதால் வருவது அது. 1980-இல் வெளிவந்த ரோலண்ட் டி.ஆர்.-808 என்ற மின்னணுத் தாளக் கருவியின் புகழ்பெற்ற கிக் (பெரிய டிரம்மின் அடி) ஒலியும், தாழ்ந்த சுரம் ஒன்று தொடங்கி மெல்ல அடங்குவதே. எனவே மின்னணுத் தாளத்துக்குக் குடம் இயல்பாகவே பொருந்தும்.

வீட்டிலுள்ள மண்பானை ஒன்றைத் துணியின்மீது வைத்து, வாயைத் தடித்த அட்டையால் அறைந்து பாருங்கள். பானைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் உள்ளிருக்கும் காற்றின் அளவு குறைந்து சுருதி ஏறும். உங்கள் பாட்டின் ஆதார சுருதிக்கு அருகில் வரும்வரை ஊற்றி நிறுத்திக்கொள்ளலாம். மின்விசிறியை அணைத்து, கைப்பேசியை விமான நிலையில் போட்டு, பானை வாய்க்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்துப் பதியுங்கள். நேராக வைத்தால் அறையும்போது வெளிப்படும் காற்று மைக்கில் மோதி ஒலியைச் சிதைத்துவிடும். அளவுமானி காட்டும் செயலியில் பதிந்தால் உச்சம் -12 டெசிபல் அருகே நின்றால் போதும். பிறகு மென்பொருளில் தொடக்கத்து மௌனத்தை வெட்டி, சுருதியை 12 அரைச்சுரம் இறக்கி, 200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டினால் கிக் ஒலிக்கு அடியில் போட ஓர் அருமையான அடுக்கு கிடைக்கும். இறக்காத அதே பதிவு மேளத்தின் இடையொலியாகப் பயன்படும்.

பத்து ஒலிகள் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு மெட்டு எதுவும் வேண்டாம். கொடையில் வாசிக்கும் வில்லிசைக் கலைஞரையோ கணியான் கூத்தில் மகுடம் என்ற பறையை வாசிப்பவரையோ பதிவு செய்ய விரும்பினால், எதற்காக என்று அவரிடம் சொல்லி, அனுமதி பெற்று, உரிய தொகை கொடுத்த பிறகே செய்ய வேண்டும். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத் தூண்களைத் தட்டிப் பதிந்தால் என்ன என்ற எண்ணம் இந்த ஊர் இசைஞர் எவருக்கும் ஒருமுறையேனும் வரும். அவை நூற்றாண்டுகள் கடந்து நிற்கும் கல், தட்டித் தட்டித் தேய்க்கப்படக் கூடாது என்பதால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: மெட்டு அமர்வு

அலாரத்தில் 25 நிமிடம் வையுங்கள். டெம்போ (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்ற வேகம்) 120, சேகரித்த பத்து ஒலிகள், ஒரே ஒரு சிந்தசைசர் (மின்னணு ஒலி உருவாக்கி), ஒரே ஒரு ஸ்கேல் (சுர வரிசை). இவற்றுக்கு வெளியே போகக் கூடாது. தேர்வுகளை முன்கூட்டியே குறுக்கிவிட்டால் எஞ்சிய கவனம் முழுவதும் சுரத்துக்கும் தாளத்துக்கும் கிடைக்கும். வால்யூம், ஈக்வலைசர் எதையும் தொடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். பிடிக்காத வரியை ஊமையாக்கி ஓரத்தில் வையுங்கள், மறுநாள் அதுவே பிடித்துப்போகலாம். தாளம் சப்பென்று இருந்தால் மென்பொருளின் தாளக் கட்டத்தை (கிரிட்) மூன்றாகப் பிரியும் நடைக்கு மாற்றிப் பாருங்கள். நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த நடை அந்நியமானது அன்று. நேரான நான்கு கிக்கின்மேல் அது ஓடும்போது கால் தானாக ஆடும். அலாரம் அடித்ததும் சேமித்துவிட்டு எழுந்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: லூப்பிலிருந்து பாட்டுக்கு

எட்டு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு கொண்ட சுற்று) லூப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க, அது மாறவே கூடாத ஒன்றாகக் காதில் உறைந்துவிடும். ஆகவே இந்த அமர்வில் லூப்பை ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு, அதை 96 பார் நீளத்துக்கு அப்படியே நகலெடுத்துப் பரப்பிவிடுங்கள். 120 டெம்போவில் ஒரு பார் 2 விநாடி என்பதால் இது 3 நிமிடம் 12 விநாடி. இனி உங்கள் வேலை சேர்ப்பது அன்று, நீக்குவது.

எங்கே நீக்குவது என்பதற்கு மேற்கத்திய நடன இசையின் இலக்கணத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. வில்லிசைக்குக் காப்பு, வருபொருள் உரைத்தல், கதைக்கூறு, வாழ்த்து எனத் தெளிவான ஓர் அமைப்பு உண்டு. முதல் 16 பாரைக் காப்பாக வைத்து, பின்னணியையும் குடத்தையும் மட்டும் விட்டு மற்றதை நீக்குங்கள். அடுத்த 16 பார் வருபொருள்: முதன்மை மெட்டை வடிகட்டி, சுவருக்கு அப்பால் கேட்பதுபோல மங்கலாகக் காட்டுங்கள். இன்ன கதை வரப்போகிறது என்று கேட்பவர் இங்கே தெரிந்துகொள்வார். கதைக்கூறு 48 பார். இங்கேதான் எல்லாம் ஒலிக்கும், ஆனால் ஒரே நேரத்தில் அன்று. எட்டு பாருக்கு ஒருமுறை ஏதேனும் ஒன்று உள்ளே வரவோ வெளியே போகவோ வேண்டும். கடைசி 16 பார் வாழ்த்து. வந்த வரிசைக்கு மாறாக ஒவ்வொன்றாக விடைபெறட்டும்.

கொடையில் சாமியாடும் கட்டத்தில் தாளம் முடுக்கப்படுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு, கதைக்கூறின் நடுவில் டெம்போவை ஏற்றத் தோன்றும். டி.ஜே.க்கள் பாட்டோடு பாட்டைக் கோக்க நிலையான டெம்போ வசதி என்பதால், டெம்போவைத் தொடாமல் ஹை-ஹேட் (சிறு ஜோடித் தட்டு போன்ற தாள ஒலி) அடிகளை இரட்டிப்பாக்கினாலே அந்த முடுக்கம் வந்துவிடும். என் காதுக்கு இந்த இடம்தான் முழுப் பாட்டின் உயிர். நேரம் இருந்தால் இங்கே செலவிடுங்கள்.

ஆறாம் படி: மிக்ஸ்

குறைந்தது ஓர் இரவு கடந்த பிறகு தொடங்குங்கள். ஒலி குறைவாக இருக்கும்போது மனிதக் காது தாழ்ந்த சுரங்களை மங்கலாகவே உணர்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினார்கள். ஒலியைக் கூட்டினாலே பாஸ் நிறைந்து, எல்லாம் நன்றாகிவிட்டதுபோலத் தோன்றுவது இதனால்தான். எனவே ஹெட்ஃபோன் அளவை ஓரிடத்தில் நிறுத்தி, அமர்வு முடியும்வரை அதைத் தொடாமல் வேலை செய்யுங்கள். எல்லா டிராக்குகளும் சேரும் மாஸ்டரின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். பாஸ், கிக் தவிர மற்ற டிராக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு கொடுங்கள். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது காதுக்குக் கேடு என்பதும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் பணியிடப் பாதுகாப்புக்கு வகுக்கப்பட்ட அளவு. செவித்திறன் போனால் திரும்பாது என்பதால் இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

இடையில் தடைபட்டால்

மெட்டு வரவில்லை என்றால் அதே ப்ராஜெக்டில் முட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, வேறு பாட்டும் கேட்காமல், வண்ணார்பேட்டை ஆற்றங்கரைப் பக்கமோ உங்கள் ஊர்க் குளக்கரைப் பக்கமோ ஒரு நடை போய்வாருங்கள். திரும்பி வந்ததும் தாள டிராக்கை ஊமையாக்கி மெட்டை மட்டும் கேளுங்கள். அல்லது மெட்டை ஊமையாக்கித் தாளத்தை மட்டும் கேளுங்கள். இரண்டில் எது தனியாக நிற்க முடியாமல் தள்ளாடுகிறதோ அதுதான் மாற்ற வேண்டியது. இரண்டும் நின்றால் சிக்கல் மெட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ஐந்தாம் படிக்குப் போங்கள்.

ஏழாம் படி: முடித்து வைப்பது

மிக்ஸ் முடிந்ததும் 24 பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும் ஏதேனும் ஒரு காரிலும் கேளுங்கள். பிழைகளைத் தாளில் எழுதி, அவற்றுள் முக்கியமான மூன்றை மட்டும் திருத்துங்கள். பிறகு கோப்புக்கு எண், பெயர், தேதி இட்டு, ப்ராஜெக்டைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தி, ஒரு நகலை வெளி வட்டில் வையுங்கள். சேகரித்த பத்து ஒலிகளில் பாட்டில் பயன்படாமல் போனவற்றை அடுத்த வார்ப்பில் போட்டுக்கொண்டு, டெம்போவை மட்டும் மாற்றி, மூன்றாம் படியிலிருந்து இரண்டாவது பாட்டைத் தொடங்கலாம்.